சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, "உன் தொழில் அனுபவத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுப்பா" என்றுதான் கேட்டார்கள். கார்களில் வரும் சத்தத்தையும் அதிர்வையும் அளந்து, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துக் குறைப்பது என் தொழில். பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அதைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் இந்த மலரைக் கையில் எடுத்தவர்கள் பக்கத்தைத் தள்ளிவிட்டு குரூப் போட்டோவுக்குப் போய்விடுவார்கள். ஆகவே, சத்தத்தைக் குறைக்கிறவன் தன் ஐந்து வயது மகளைச் சத்தத்தின் வாசலுக்கே கூட்டிக்கொண்டு போன கதையையும், அதற்குப் பின்னால் இருக்கும் எழுபது வருஷச் சரித்திரத்தையும் எழுதுகிறேன். சரித்திரம் என்று சொன்னதும் பயப்பட வேண்டாம். நம் ஊர் கார் ரேஸ் சரித்திரம்தான்.

என் பேட்ச் நண்பர்களுக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று தெரியும். 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய கிராண்ட் ப்ரீ நடந்த அன்று ஹாஸ்டல் டி.வி. ரூமில் இடம் பிடிக்க சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனோம். வெட்டல் ஜெயித்தார். எங்களுக்கு அது முக்கியமில்லை. கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 17-வது இடத்தில் வந்ததற்கு ஹாஸ்டலே விசிலடித்தது. அடுத்த வருஷம் மாணவர்களே கார் கட்டி ஓட்டும் போட்டிக்கு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனோம். பிரேக் டெஸ்டில் நாலு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நம் காலேஜ் காரில் மூன்று நின்றது. நாலாவது தன் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நாலாவது சக்கரத்துக்குப் பொறுப்பாளன் நான்தான் என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பைத்தியத்தின் வேர் ஹாஸ்டலில் இல்லை, வீட்டில் இருந்தது. என் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான கதை ஒன்று உண்டு. வருஷம் 1963. அப்பாவுக்கு ஆறு வயசு. குடும்பம் பெரம்பூரில். தாத்தா கோச் ஃபாக்டரியில் ஃபிட்டர். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தா அப்பாவைக் கூட்டிக்கொண்டு மூலக்கடையில் பஸ் ஏறி, செங்குன்றம் போய், அங்கிருந்து ஜனக்கூட்டத்தோடு கூட்டமாக சோழவரம் போய்ச் சேர்ந்தார். அப்பா தாத்தாவின் தோள்மேல் உட்கார்ந்து ரேஸ் பார்த்தார். ஒரு சிவப்பு ஜாகுவார் வந்த வேகத்தில் தார் டிரம்மில் இடித்து, மூன்று குட்டிக்கரணம் அடித்து, தலைகீழாக விழுந்தது. டிரைவர் உள்ளேயிருந்து ஊர்ந்து வெளியே வந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு ஜனங்களுக்குக் கையசைத்தார். "அன்னிக்கு மல்லையா வேற ஓட்டினார்டா, என்னா ஸ்பீடு!" என்று கதை முடியும்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது இந்தக் கடைசி வரியில் எனக்குச் சந்தேகம் வந்தது. விஜய் மல்லையா பிறந்தது 1955 டிசம்பரில். 1963 பொங்கலின்போது அவருக்கு ஏழு வயசு. அப்பாவை விட ஒன்றிரண்டு வயசுதான் மூத்தவர். மல்லையா சோழவரத்தில் கார் ஓட்டியது உண்மை. அது 1980-களில். அப்பாவின் நினைவில் இருபது வருஷம் மடிந்து ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. கதை நன்றாக இருக்கும்போது குறுக்குக் கேள்வி கேட்பது எங்கள் வீட்டில் மரியாதையில்லை.

இனி சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானம் இறங்குவதற்காகச் செங்குன்றத்துக்கு வடக்கே போடப்பட்ட கான்கிரீட் ஓடுபாதை அது. ஆங்கில 'டி' எழுத்தைப் போல ஒன்றை ஒன்று முட்டும் பாதைகள். போர் முடிந்தது. விமானங்கள் போயின. கான்கிரீட் மட்டும் வெயிலில் கிடந்தது. இது சோழவரத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் ஒரு குண்டுவீச்சு விமானத் தளம். 1948-ல் அங்கே கார்கள் ஓட ஆரம்பித்தன. 1950 மே 13-ல் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்குதான். அமெரிக்காவில் செப்ரிங் அப்படித்தான். கல்கத்தா பக்கம் பாரக்பூர், பம்பாயில் ஜுஹூ, இலங்கையில் கட்டுக்குருந்தை, எல்லாம் விமான ஓடுபாதைகள். வேகமாக ஓட்ட அகலமான, நேரான, மாடு குறுக்கே வராத சாலை வேண்டும். அப்படிப்பட்ட சாலை அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இலவசமாகக் கிடைத்தது இந்த ஓடுபாதைகளில்தான். குண்டு போடப் போன விமானங்களுக்காகப் போட்ட கான்கிரீட்டில் ஒரு தலைமுறை விளையாட்டுக் கற்றுக்கொண்டது.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பமானது. அதையொட்டி சோழவரம் பந்தயங்கள் வந்தன. நாலைந்து தலைமுறைக்கு முந்தைய சங்கதி போலத் தோன்றும், ஆனால் 1980-களின் கடைசி வரை நடந்தது. நம் சீனியர்கள் பலர் போய்ப் பார்த்திருப்பார்கள். பாதையின் வளைவுகளை வைக்கோல் கட்டும் டிரம்மும் வைத்துத்தான் குறிப்பார்கள். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த நாட்கள் அவை. ஆகையால் ஓடிய வண்டிகளில் பாதி ஃபியட், ஹெரால்டு. மீதியில் பல, பழைய எஞ்சினை எடுத்து ஷெட்டில் குழாய் வளைத்துச் சொந்தமாகச் செய்துகொண்டவை. அவற்றுக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். கோண்டால் மகாராஜா போன்றவர்கள் மட்டும் நிஜமான ரேஸ் கார் கொண்டுவந்தார்கள். மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். கோயமுத்தூரிலிருந்து கரிவர்தன் வந்தார். அவர் ஓட்டுகிறவர் மட்டுமில்லை, கட்டுகிறவர். மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்தான் மகாராஜாவாக இல்லாதவனும் ரேஸ் ஓட்டலாம் என்று ஆக்கியது. இன்றைக்கு ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார் (எஸ்டீம் எஞ்சின், 1300 சி.சி.) அதே வழியில் வந்ததுதான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்ஜினியரிங் படிக்கும் தம்பி தங்கைகளே, மெஷின் டிசைன் க்ளாஸில் தூக்கம் வரும்போது அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேஸ் என்றால் பணக்காரர் விளையாட்டு என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களைப் பார்த்தால் அது சரி. பார்க்க வந்தவர்களைப் பார்த்தால் தப்பு. மெட்ராஸின் வடக்கு வரைபடத்தை மனசில் விரித்துப் பாருங்கள். திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும், எண்ணூரில் அசோக் லேலண்டு, பெரம்பூரில் கோச் ஃபாக்டரி. சோழவரம் இவர்கள் எல்லோருக்கும் ஒரு பஸ் தூரம். ஆறு நாள் ராடு, பிஸ்டன், டயர் என்று கை கறுத்தவன் ஏழாம் நாள், தன் கையில் புழங்குகிற சாமான் கடைசிக்கும் கடைசியாக எவ்வளவு தாங்கும் என்று பார்க்கப் போனான். பையனையும் கூட்டிக்கொண்டு போனான். என் தாத்தாவின் கணக்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவர் வாழ்நாளில் கார் வாங்கவில்லை, ஓட்டவும் தெரியாது.

அப்படித் தோளில் ஏறிப் போன பிள்ளைகள் எல்லோரும் என் அப்பா போலக் கூட்டத்தில் நின்றுவிடவில்லை. மெட்ராஸ் ரேஸின் ஆரம்ப நாள் ஆட்களில் ஒருவர் இந்து சந்தோக். அவர் மகன் விக்கி சந்தோக் ரேஸ் ஓட்டினார், பின்னால் தேசிய சம்மேளனத்தின் தலைவரானார். பேரன் கருண் 2010-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலிகளில் பேர் போனவர். நரேன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். பைக் ரேஸில் ஆர்.ஏ. அப்துல்லாவின் பெயர் தெரியாத மெட்ராஸ் மெக்கானிக் இருக்க மாட்டார். அவர் மகள் அலிஷா பைக்கும் ஓட்டினார், காரும் ஓட்டினார். எனக்குப் பெண் பிறந்ததும் இந்தக் கடைசிப் பெயரை என் மனைவியிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு முறையும், "முதல்ல அவ மூணு சக்கர சைக்கிளை நேரா ஓட்டட்டும்" என்பாள்.

இந்தச் சரித்திரத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதை விட்டுவிட்டு எழுதினால் நியாயமில்லை. 1955 ஜூன் 11-ல் பிரான்சில் லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் ஜனங்களுக்குள் சிதறி விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து பந்தயத்தையே பல பத்தாண்டுகளுக்குத் தடை செய்தது. இரண்டு வருஷம் கழித்து இத்தாலியில் மில்லே மிலியா. ஊர்களின் நடுவே சாதாரண ரோட்டில் நடக்கும் ஆயிரம் மைல் பந்தயம். குய்தித்ஸோலோ என்ற சிற்றூரின் அருகே ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. காரில் இருந்த இருவரோடு, ரோட்டோரம் நின்ற ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அவர்களையும் யாரோ ஓர் அப்பாதான் 'வாடா, கார் பார்க்கலாம்' என்று கூட்டிவந்து நிறுத்தியிருப்பார். அதோடு மில்லே மிலியா பந்தயமாக நடப்பது நின்றது. ரேஸ் டிராக்கில் இன்று நாம் பார்க்கும் கம்பி வேலி, டயர் அடுக்கு, சரளைப் படுகை, வேலிக்கும் ஜனங்களுக்கும் நடுவே விடும் காலி இடம், ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட ஒரு நாளுக்குப் பிறகு வந்தது. ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் முழுசாகத் தீரவில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் பைக் ரேஸில் விழுந்து இறந்த பையனுக்கு வயசு 13. அன்று இரவு நான் அலிஷாவின் பெயரைச் சொல்வதை நிறுத்தினேன்.

சோழவரம் ஓடுபாதை கிளப்புக்குச் சொந்தமானதல்ல. இரவல் இடத்தில் எத்தனை நாள்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி, 1990-ல் டிராக்கைத் திறந்தார்கள். நம் நாட்டில் பந்தயத்துக்கென்றே கட்டிய முதல் நிரந்தர டிராக் அது. சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு திருப்பம். ஹூண்டாய் தொழிற்சாலை அதே ஊருக்கு வந்து கார் செய்ய ஆரம்பித்தது 1998-ல். கார் தொழிலுக்கு முன்னால் கார் விளையாட்டு வந்த ஊர் அது என்பதை அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் நம் ஆட்களில் எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? நரேன் தன் முதல் ரேஸை ஓட்டியதும் அங்கேதான், கரிவர்தனின் ஃபார்முலா மாருதியில்.

ஒன்று மட்டும் நஷ்டம். வடக்கே திருவொற்றியூர்க்காரனுக்கு இருங்காட்டுக்கோட்டை ஒரு பஸ் தூரமில்லை. சோழவரத்துக்கு வந்த கூட்டம் அங்கே போகவில்லை. அந்தக் கூட்டத்தை நான் மறுபடி பார்த்தது 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும், தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் ரோட்டில், விளக்கு வெளிச்சத்தில் இரவுப் பந்தயம் நடந்தபோதுதான். முந்தைய டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிருந்தது. நேப்பியர் பாலத்தின்மேல் ரேஸ் கார் போவதைப் பார்க்க ஊரே திரண்டது. நான் டி.வி.யில்தான் பார்த்தேன். மடியில் மகள். அப்போது அவளுக்கு நாலு வயசு. தம்பிப் பாப்பா தூங்குகிறான் என்று வால்யூமை அடியோடு குறைத்து வைத்திருந்தேன். விளக்கு, கலர் கலராகக் கார், தெரிந்த பாலம். அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "அப்பா, நெஜ ரேஸுக்குக் கூட்டிட்டுப் போ" என்று அன்றிலிருந்து நச்சரிப்பு. ரேஸ் என்பது சத்தமில்லாத விஷயம் என்று அவள் மனசில் பதிந்துவிட்டதை, சத்தத்தையே தொழிலாக வைத்திருக்கும் நான் கவனிக்கவில்லை.

காதைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. தொழிற்சாலைக் கணக்கு நமக்குத் தெரிந்ததே. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, இப்படியே போனால் 100 டெசிபலுக்குக் கால் மணிதான். இது பெரிய ஆளுக்கான கணக்கு. குழந்தைக்கு அதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ரேஸ் டிராக்கின் வேலியோரம் 100 என்பது சர்வசாதாரணம். பஞ்சு வைப்பது வீண். பெரியவர்கள் வைக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பான் சின்னக் காதில் சரியாக உட்காராது, எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. குழந்தைகள் அளவில் வரும் காது மூடி, ஹெட்போன் போலத் தலையில் மாட்டுவது, அதுதான் சரி. நல்லதாக இருந்தால் இருபது இருபத்தைந்து டெசிபல் குறைக்கும். ரோஸ் கலரில் ஒன்று வாங்கி, ஒரு வாரம் வீட்டில் மிக்ஸி ஓடும்போதெல்லாம் மாட்டிப் பழக்கினேன். இதைவிட யாராவது தயார் செய்ய முடியுமா என்று எனக்குள் ஒரு பெருமை.

2025-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான், மகள், அப்பா. அப்பாவுக்கு இப்போது 68. முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் காதுக்கு எதுவும் கொடுத்த வழக்கமில்லை. இரண்டு காதிலும் மிஷின். டிராக்கில் இறங்கியதும் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு உன் மஃப் எல்லாம் வேணாம்டா. எனக்கு உள்ளேயே ஃபிட் பண்ணியாச்சு" என்று சிரித்தார். மிச்சமிருப்பதைக் காப்பாற்றவாவது வேண்டும் என்று வற்புறுத்தி மாட்டிவிட்டேன்.

முதல் ரேஸ் கிளம்புவதற்கு முன் எல்லாம் நன்றாகப் போனது. கொடி பிடிக்கும் மார்ஷல்களின் ஆரஞ்சு உடுப்பு, இழுவை லாரி, அப்பளக்காரர். பிறகு சிவப்பு விளக்கு அணைந்தது. இருபதுக்கு மேற்பட்ட கார்கள் ஒரே சமயத்தில் முழு த்ராட்டிலில் கிளம்பின. மகளின் முகம் மாறியது. காது மூடியின் மேலேயே இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். இரண்டாவது சுற்றில் என் தொடையில் முகத்தைப் புதைத்தாள். மூன்றாவதில் அழ ஆரம்பித்தாள். குனிந்து மூடியைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"காது வலிக்குதாம்மா?"

"காது இல்லப்பா. வயித்துக்குள்ள சத்தம் வருது."

நான் அப்படியே நின்றுவிட்டேன். காது மூடி கீச்சொலியை நன்றாகத் தடுக்கும். அடிக்குரல் அதிர்வை அவ்வளவாகத் தடுக்காது. அது நெஞ்சுக்கூட்டின் வழியாகவும் வயிற்றின் வழியாகவும் உள்ளே வரும். ஆபீஸில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லித்தருகிற பாடம் அது. அதை என் குழந்தை எனக்குச் சொல்லித்தந்தாள். அவ்வளவு தெரிந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இவ்ளோ தூரம் வந்துட்டு அழுதா எப்படி? இன்னும் ஒரே ஒரு ரேஸ், பாத்துட்டுப் போயிடலாம்." குரலில் கொஞ்சம் கடுப்பும் இருந்தது.

அப்பா எதுவும் பேசவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முட்டிவலியோடு, பார்க்கிங் பக்கம் நடந்தார். நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. ரேஸ் முடியும் வரை நின்று பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இப்போது கேட்டால் தெரியாது.

தேடிப்போனபோது, டிராக்கிலிருந்து எட்டத்தில் ஒரு மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். (திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஆறு டெசிபல் குறையும். வேலியிலிருந்து இருபது மீட்டரில் நின்றவன் நூற்றறுபது மீட்டர் தள்ளிப் போனால் பதினெட்டு. காது மூடிக்குச் சமம். செலவும் இல்லை.) அப்பா காது மிஷினை மாட்டியிருந்தார். அவள் மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தாள். கதை ஓடிக்கொண்டிருந்தது. சோழவரம் கதைதான். ஆனால் எனக்குத் தெரிந்த கதையில்லை.

"...தாத்தாவும் உன்ன மாதிரிதான் அழுதேன். ஒரே ஒரு ரவுண்டு. ஓன்னு அழுதேன். எங்கப்பா என்னைத் தூக்கிட்டு ஏரிக்கரைக்குப் போயிட்டார். வேர்க்கடலை வாங்கித் தந்தார். 'இங்கேர்ந்து கேளு, வண்டு கத்தற மாதிரி இருக்கில்ல'ன்னார். ஆமா, அப்படித்தான் இருந்துச்சு."

"அப்போ சிவப்புக் காரு?" என்று நான் கேட்டேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அது பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதுடா. அவன் பாத்தான்."

ஒரு ரேஸ் முழுக்க அவர் சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தாத்தா அந்த டிக்கெட்டுக்கு ஓவர்டைம் பார்த்திருக்கிறார். போய்ச் சேர்ந்து கால் மணியில் பையன் அழுதுவிட்டான். ஒரு வார்த்தை திட்டவில்லை. மாலை வரை ஏரிக்கரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, சீக்கிரம் திரும்பினால் வீட்டில் கேட்பார்கள் என்று கூட்டம் கலைகிற நேரத்துக்குக் கூட்டத்தோடு சேர்ந்து பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் தாத்தா சொன்னாராம்: "அண்ணனுங்க கேட்டா எல்லாம் பாத்தேன்னு சொல்லு. நானும் சொல்றேன்." பெரியப்பாக்கள் இருவரும் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு தாத்தா ஒரு ரேஸ் சொன்னார், அப்பா தலையாட்டினார். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பையனின் சிவப்புக் கார் சேர்ந்தது. பின்னால் ஏதோ பேப்பரில் படித்த மல்லையாவும் சேர்ந்தார். அறுபது வருஷத்தில் அதை யாரிடமும் திருத்திச் சொல்ல வேண்டிய அவசியம் அப்பாவுக்கு வரவில்லை.

"அதுக்கப்புறம் நீங்க சோழவரம் போகவே இல்லையாப்பா?"

"ஏன் போகல? பதினெட்டு வயசுல நானே போனேன். அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது ஒண்ணும் ஞாபகமில்ல."

ரேஸ் இடைவேளையில் மகள், "ஓடாத காரைப் பாக்கலாமா?" என்று கேட்டாள். பேடக்கில் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு மெக்கானிக் பையன், முகமெல்லாம் கிரீஸ், அவளைக் கிட்டே வரச் சொல்லி சக்கரத்தைத் தொடவிட்டான். டயர் சூடாக, பிசுபிசுவென்று ஒட்டியது. அவளுக்கு அது அதிசயம். சுற்றிச் சுற்றி வந்தாள். "இதுக்கு ஹாரன் எங்க? லைட்டு எங்க? கதவே இல்ல?" என்றாள். எதுவும் கிடையாது என்று அவன் சொன்னதும், "பாவம்" என்றாள். வேலை முடியாத கார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அந்தப் பையன் எங்கே படிக்கிறான் என்று விசாரித்தேன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தவன். எஞ்சினைப் பற்றி அரை மணி பேசினான். நம் நாலாவது சக்கரம் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அவன் சொன்ன காரணம், 2012-ல் நாங்கள் கண்டுபிடித்த காரணத்தைவிட நன்றாக இருந்தது.

மத்தியானமே கிளம்பிவிட்டோம். பூந்தமல்லி தாண்டுவதற்குள் பின்சீட்டில் தாத்தாவும் பேத்தியும் தூங்கிப்போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ரேஸ் எப்படி இருந்துச்சு கண்ணு? பயந்துட்டியா?" என்று கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா காது மிஷினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சூப்பரா இருந்துச்சு பாட்டி. நூறு காரு. ஒரு சிவப்புக் காரு டிரம்முல இடிச்சு குட்டிக்கரணம் போட்டுச்சு. அந்த அங்கிள் எழுந்து வந்து எனக்கு டாட்டா காட்டினாரு."

"அப்படியா! நெஜமாவா?" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, நானும் பாத்தேன்" என்றேன்.